ஓட்டின் மேல் எறிந்த பல்

தட்டைத் தரையில வைக்காதே சௌம்யா, அந்த மணை மேல வச்சுக்கோ. அஞ்சு மாசம் ஆயிடுத்து, இனிமே குனிஞ்சு சாப்பிட்டா மூச்சு முட்டும். மாடிக்குக் குடி வந்து ரெண்டு வாரமாச்சு, ஒரு வேளை கூப்பிட்டுச் சாதம் போடலையேன்னு எனக்கே உறுத்திண்டிருந்தது. வெக்கப்படாம சாப்பிடு. நீ வாயே திறக்க மாட்டேங்கறே, அதான் உன்னை எனக்குப் பிடிச்சுப் போச்சு. இதுக்கு முன்னாடி மாடியில இருந்தவ, அப்பப்பா, நான் ஒரு வார்த்தை சொன்னா அவ ஒம்பது சொல்லுவா.

முதல்ல சாம்பார் விட்டுக்கோ. ரசம் அப்புறம். ரசத்துக்காகத்தான் உன்னைக் கூப்பிட்டதே.

ஆனா முன்னாடி ஒண்ணு கேக்கணும். நேத்து சாயங்காலம் கேட்டண்டை உன்கிட்ட ஒரு பொண்ணு பேசிண்டிருந்தாளே, முக்காடு போட்டுண்டு, ஸ்கூட்டியை நிறுத்திண்டு. ஜன்னல் வழியாப் பார்த்தேன். ரொம்ப நேரம் பேசினா. என்ன கேட்டா? நம்பர் குடுத்தாளா? குடுப்பாளே. அதைத் தூர எறி. அவ பேர் பர்ஹானா. பல் டாக்டருக்குப் படிக்கறா. இந்த ஆத்துல எந்தத் தலை புதுசாத் தெரிஞ்சாலும் பிடிச்சுண்டுடுவா. பால்காரன்கிட்டக் கூடப் பேசியிருக்கா. என் மேல அப்படி ஒரு கோபம் அவளுக்கு. நான் என்ன பண்ணினேன் சொல்லு? ஒண்ணும் பண்ணலை.

ஞானா, அங்க என்ன வாயைப் பார்த்துண்டு உக்காந்திருக்கே? சாதத்தைப் பிசை. பிசையத் தெரியாதா? நேத்திக்குத் தெரிஞ்சுது, இன்னிக்குத் தெரியலையா?

பார்த்தியா. இதான் எங்க ஞானாம்பிகை. என் தம்பி வைத்தியோட பொண்ணு. பதினோரு வயசு. பேரைப் பாரு, ஆளைப் பாரு. மூணாங்கிளாஸ் பாடம் படிக்க இப்பவும் எழுத்துக் கூட்டறா. வகுப்புல இவளைப் பின் பெஞ்சுல தனியா உக்காத்தி வச்சிருக்கா. தினம் வயித்து வலிங்கறா. ஒரு காரியம் சொன்னா பாதியில நின்னு யோசிப்பா, எதுக்கு வந்தோம்னு. கேக்கறது, கேக்கறது, நாம பேசறது எல்லாம் கேக்கறது. கேட்டு என்ன ஆகப் போறது? ஏண்டி, நான் சொல்றது பொய்யா? பாரு, சிரிக்கறா.

எல்லாம் அவ அம்மாவோட சொத்து. வசுமதின்னு பேரு. கும்மோணத்துக்காரி. அவ அப்பா அச்சாபீஸ் வச்சிருந்தார். அந்தக் காலத்து அச்சாபீஸ், கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை எல்லாம் அடிக்கறது. ஈய எழுத்தை ஒண்ணொண்ணாப் பொறுக்கிக் கோக்கணும். இவ சின்னதுலேர்ந்து அப்பா பக்கத்துல உக்காந்து எழுத்துப் பொறுக்கினவ. பெருமையாச் சொல்லிப்பா, 'நான் எழுத்தைத் தலைகீழாப் படிப்பேன் அக்கா'ன்னு. தலைகீழாத்தான் எல்லாமே பண்ணினா.

வந்த மாசமே என்ன பண்ணினா தெரியுமா? எங்கம்மா குடுத்த ஈயச் சொம்பை உருக்கிட்டா. உனக்கு ஈயச் சொம்பு தெரியுமோல்லியோ? அதுல தண்ணி விட்டுட்டுத்தான் அடுப்புல ஏத்தணும். வெறுஞ்சொம்பை வச்சா போச்சு. இவ வெறுஞ்சொம்பை ஏத்திட்டு, கேஸையும் பத்த வச்சுட்டு, புளி எடுக்க உள்ள போயிருக்கா. வந்து பார்க்கறச்சே சொம்பு இல்லை. அடுப்பு மேல வெண்ணெய் உருகின மாதிரி வழிஞ்சு கிடக்கறது. எவ்வளவு அழுதாலும் வருமா அது? 'தெரியாது அக்கா, தெரியாது அக்கா'ங்கறா. அந்தக் கட்டியை நான் அலமாரியில எல்லார் கண்ணுலயும் படற மாதிரி வச்சேன். யார் வந்தாலும் காட்டுவேன். இவளோட தாலிக்கயிறு மஞ்சள் காயறதுக்கு முன்னாடி பண்ணின காரியம் பாருங்கோன்னு. அவ முகம் இத்தனூண்டு ஆயிடும். ஆகட்டுமே. அப்பத்தானே புத்தி வரும்.

அப்புறம் ஞானா பொறந்து நாலஞ்சு மாசத்துல தெருவுல ஒருத்தன் தள்ளுவண்டியில வந்தான். பழைய பாத்திரம் போட்டுப் புதுசு வாங்கிக்கலாம்னு. அவன்கிட்ட அந்தக் கட்டியையும் ஒரு ஓட்டைப் பித்தளைக் குடத்தையும் போட்டு இந்தச் சொம்பை எடுத்தேன். கொள்ளை மலிவு. கையில வாங்கிப் பாரு. வேண்டாம், தொடாதே, மடி. பார்த்தாலே தெரியலை, கனம்? எங்கம்மா சொம்பு லேசா, வெள்ளை வெளேர்னு இருக்கும். இது கருகருன்னு கருங்கல் மாதிரி. அந்தச் சுவரைப் பாரு, சுண்ணாம்பு மேல கோடு கோடாத் தெரியறதே, இது உராஞ்ச கோடுதான். ஞானா குழந்தையா இருக்கறச்சே இதை உருட்டிண்டு போய்த் தரையெல்லாம் கோடு கிழிப்பா. பென்சில் மாதிரி விழும். எழுதினதுன்னா அவ வாழ்நாள்ல அதுதான்!

வசுமதியை இந்தச் சொம்பைத் தொடவே விடலை நான். ஒரு தடவை உருக்கினவ. இன்னி வரைக்கும் என் கைதான்.

குழந்தை பொறந்து ஆறு மாசத்துல அவ வேலைக்குப் போயிட்டா. ஸ்கூல் டீச்சர். அன்னப்பிராசனம் ஆனதுலேர்ந்து குழந்தைக்கு ஊட்டினது யாரு? நான்தான். ரசம் சாதத்தை மையாப் பிசைஞ்சு, நெய் விட்டு, நிலாவைக் காட்டி, காக்காயைக் காட்டி. மூணு வேளையும் ரசம் சாதம். வேற எதுவும் தொடமாட்டா. இந்தச் சொம்பு ரசத்துல ஒரு விசேஷம் பாரு, புளிப்பு அடங்கி லேசா ஒரு தித்திப்பு வரும். வெல்லம் போடறேளான்னு எல்லாரும் கேப்பா. ஒரு துளி போடறதில்லை. வேற பாத்திரத்துல அதே கை வச்சா அது வராது.

அப்படி வளர்த்தேன். நாலு வயசாச்சு, பேச்சு வரலை. அஞ்சு வயசுல ஸ்கூல்ல கூப்பிட்டுச் சொன்னா, குழந்தை மந்தமா இருக்கான்னு. நான் வசுமதியைக் கேட்டேன், உங்காத்துல இப்படி யார் இருந்தான்னு. தினம் கேட்டேன். சாப்பிட உக்காந்தா கேப்பேன், கோலம் போட்டா கேப்பேன். கேக்காம? எங்காத்துல இப்படி யாரும் கிடையாது. ஒருநாள் அவ தட்டைத் தள்ளிட்டு எழுந்து நின்னு, 'குழந்தையைக் கூட்டிண்டு எங்காத்துக்குப் போறேன்'ன்னா. போ, தாராளமாப் போ, குழந்தை எங்காத்துக் குழந்தைன்னேன். வைத்தியைப் பார்த்தா. அவன் பேப்பரைப் பார்த்தான். தனியாப் போனா. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பஸ் ஏறி வந்து, கூடத்துல உக்காந்து, தலை வாரி விட்டு, பாடம் சொல்லிக் குடுத்துட்டுப் போவா. நான் தடுக்கலையே. காப்பி கூடக் குடுப்பேன்.

சாதம் இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ. கரண்டியை நீயே எடுத்துக்கோ, என் கை இப்போல்லாம் திடீர்னு மரத்துப் போயிடறது. மணிக்கட்டு தொங்கிப் போறது. வயசு.

போன வருஷம்தான் இந்தப் பல் விவகாரம். பர்ஹானாவும் இன்னும் சில பொண்ணுகளும் ஸ்கூலுக்கு வந்து, விழுந்த பால்பல்லைத் தூக்கிப் போடாதீங்கோ, எங்ககிட்டக் குடுங்கோன்னு சொல்லியிருக்கா. பல்லுல ஈயம் இருக்கான்னு பார்ப்பாளாம். குழந்தை மந்தமா இருக்கறதுக்கு ஈயம் காரணமா இருக்கலாமாம். வைத்தி வந்து சொன்னான். ஈயம்னு காதுல விழுந்ததோ இல்லையோ, எனக்குப் பளிச்சுனு விளங்கிடுத்து. அச்சாபீஸ்! எழுத்துப் பொறுக்கினாளே, அத்தனையும் உடம்புல ஏறி, வயித்துக் குழந்தைக்குப் போயிருக்கு. இத்தனை வருஷமா நான் சொன்னேனே, யாரு கேட்டா?

ஆனா பல் எங்க? அப்பத்தான் ஞானாவுக்குக் கடைவாய்ப் பல் ஒண்ணு விழுந்திருந்தது. நான்தான் சாணி உருண்டைக்குள்ள வச்சு, சமையல்கட்டு ஓட்டு மேல எறியச் சொன்னேன். எல்லாராத்துலயும் பண்றதுதானே, புதுப் பல் நேரா முளைக்கும்னு. விடுவேனா? தேங்கா பறிக்கற சந்தானத்தைக் கூப்பிட்டு ஓட்டு மேல ஏத்தினேன். 'மாமி, இத்துனூண்டு பல்லுக்கு என்னைக் கொல்லப் பாக்கறீங்களே'ன்னு பொலம்பிண்டே ஓட்டு இடுக்கெல்லாம் விரலால துழாவி எடுத்துண்டு வந்தான். கழுவி, மஞ்சத் துணியில முடிஞ்சு வச்சேன்.

அந்த ஞாயித்துக்கிழமை வசுமதி வந்தா. வைத்தியையும் பக்கத்துல உக்காத்தி வச்சுண்டு சொன்னேன். "இதோ பாருடி, பல் பேசட்டும். உன் வயித்துலேர்ந்து வந்ததில்லைன்னு அது சொல்லிட்டா, ஞானாவைக் கூட்டிண்டு போ. அவ பையை நானே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தூக்கிண்டு வரேன்."

"வயித்துலேர்ந்துதான்னு சொல்லிட்டா, அக்கா?"

"இந்த வாசப்படி மிதிக்காதே."

அவ ஞானாவைப் பார்த்தா. அப்புறம் சரின்னா. அவளுக்கே பயம், தெரியறது. இந்த ஞானா அந்த நாள்லேர்ந்து தினம் பையை மாட்டிண்டு ரேழியில உக்காந்திருப்பா, அசடு. யாருடி சொன்னா உன்னை இன்னிக்கே கூட்டிண்டு போறான்னு? என்ன, ஞானா? சாப்பிடு.

பல்லைக் குடுத்த பத்து நாள்ல பர்ஹானா இங்கயே வந்துட்டா. கையில துப்பாக்கி மாதிரி ஒரு மிஷின். பாத்திரத்து மேல வச்சா ஈயம் இருக்கா இல்லையான்னு அது காட்டுமாம். நல்ல பொண்ணுதான், மரியாதையாப் பேசினா. உள்ள விட முடியுமா? கூடத்துலயே உக்காத்தி, நானே ஒவ்வொண்ணாக் கொண்டு வந்து வச்சேன். குக்கர், எவர்சில்வர், மஞ்சப்பொடி, குங்குமம், வசுமதி விட்டுட்டுப் போன கண்மைச் சிமிழ். அதைத்தான் முதல்ல வச்சேன். எதுலயும் ஒண்ணும் இல்லை. ஜன்னல் பெயின்ட்ல கூட இல்லை. அந்தப் பொண்ணு நெத்தியைத் தேய்ச்சுண்டே யோசிச்சுட்டு, "ஆன்ட்டி, வீட்ல ஈயச் சொம்பு இருக்கா?"ன்னா.

"எதுக்கு?"

"நல்ல சொம்பு வெள்ளீயத்துல இருக்கும். இப்ப வர்றதுல காரீயம் கலந்துடறாங்க. சில சொம்பு முழுசாவே காரீயம்தான். புளி பட்டா அப்படியே ரசத்துல இறங்கிடும். இருந்தா காட்டுங்க ஆன்ட்டி, ஒரு நிமிஷ வேலை."

ரசம் கொதிச்சிண்டிருக்கு உள்ள. மடி ரசம். அதுல அவ மிஷினை நீட்டினா நான் என்ன பண்றது, கொட்டறதா? சொம்பை என்ன பண்றது? இல்லைன்னேன். எங்காத்து மருமக உருக்கிட்டான்னேன். அது பொய்யா? உருக்கினாளே! உருக்கலையா? உள்ள போய் ஒரு தட்டைப் போட்டு மூடி, அது முன்னாடி நின்னுண்டேன். ஞானா இருக்காளே, இந்த மந்தம், அன்னிக்குன்னு பார்த்து வாயைத் திறந்தது. "இருக்கே அத்தை, நம்ப சொம்பு"ன்னா. தொடையில திருகின திருகுல ஒரு வாரம் நொண்டினா. இல்லையாடி?

அப்புறம் பல் காலேஜ்லேர்ந்து கூப்பிட்டா. வைத்திக்கு முட்டி வலி, அவனுக்கும் வயித்துல எப்போ பார்த்தாலும் பிடிச்சுக்கறது, அதனால நான் மட்டும் போனேன். பெரிய டாக்டர் ஒரு அம்மா. டி.வி. மாதிரி ஒண்ணுல பல்லைக் காட்டினா. குறுக்கா நறுக்கிட்டா பல்லை! வெங்காயம் நறுக்கின மாதிரி வளையம் வளையமாத் தெரிஞ்சுது.

"பாருங்கம்மா, பல் கொஞ்சம் கொஞ்சமா வளரும். எப்ப வளர்ந்ததுன்னு வளையத்தைப் பார்த்துச் சொல்லிடலாம். இந்தக் கோடு குழந்தை பொறந்தப்ப விழுந்தது. இதுக்கு உள்பக்கம் இருக்கறது அம்மா வயித்துல இருந்தப்ப வளர்ந்தது. அது சுத்தமா இருக்கு. பொறந்து ஆறேழு மாசம் வரைக்கும் சுத்தம். அதுக்கப்பறம்தான் ஏறுது, ஏறிக்கிட்டே போகுது. சோறு ஊட்ட ஆரம்பிச்ச சமயம். யாரு ஊட்டினாங்க?"

"நான்தான். என் கையாலதான்" அப்படின்னேன். வேற யாரு?

அவ என் முகத்தையே பார்த்தா. அப்புறம் மெதுவாச் சொல்றா, "உங்க வீட்டுச் சமையல்ல இன்னும் அது இருக்கு. அதைக் கண்டுபிடிக்கணும். குழந்தைக்கு உடனே ரத்தம் எடுத்துப் பாக்கணும். வீட்ல எல்லாருக்கும் பாக்கணும். இன்னொண்ணு, குழந்தையோட அம்மாகிட்ட முதல்ல சொல்லிடுங்க, அவங்ககிட்டேர்ந்து வரலைன்னு. பாவம், எவ்வளவு நாளா நெனச்சு நெனச்சு வெந்திருப்பாங்களோ."

எனக்குப் புரியாமலா? என் கையை விஷம்ங்கறா. ராத்திரி பகல் பார்க்காம வளர்த்த கையை. பல் என்ன பஞ்சாங்கமா, எந்த மாசம் என்ன நடந்ததுன்னு சொல்றதுக்கு? சாணியில உருட்டி, ஓட்டு மேல வெயில்ல கிடந்த பல். அதை நறுக்கி வச்சுண்டு கதை சொல்றா. தலையை ஆட்டிட்டு வந்துட்டேன்.

ஆத்துக்கு வந்தா வசுமதியும் அவ அப்பாவும் கூடத்துல உக்காந்திருக்கா. ஞானா பையை மாட்டிண்டு அம்மா மடியில சாஞ்சுண்டிருக்கா. எல்லாரும் என் வாயையே பார்க்கறா. நான் தண்ணி குடிச்சேன். புடவைத் தலைப்பால முகத்தைத் துடைச்சேன். "பல்லுல ஈயம் இருக்காம்"ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அதுல ஒரு எழுத்துப் பொய் உண்டா?

"எப்போலேர்ந்து அக்கா?"ன்னா.

"அதை என் வாயால கேக்கணுமா நீ?"ன்னேன்.

அந்தக் கிழவர் தன் விரலைப் பார்த்துண்டார். இத்தனை வருஷமாச்சு அச்சாபீஸ் மூடி, இன்னும் நகக்கண்ல கறுப்பு இருக்கும் அவருக்கு. "நான்தான் பக்கத்துல உக்காத்தி வச்சேன் அம்மா, நான்தான்"னு முனகினார். நான் ஒண்ணும் சொல்லலை. அவரே சொல்லிக்கறார், நான் எதுக்கு நடுவுல?

வசுமதி அழலை. அழுவான்னு நினைச்சேன். ஞானாவை மடியிலேர்ந்து மெள்ள நகத்தினா. சூடு பட்ட மாதிரி கையை இழுத்துண்டா. "நான் தொட்டுத் தொட்டுத்தான் இப்படி ஆயிருக்கு போல இருக்கு அக்கா. நீங்களே வச்சுக்கோங்கோ. உங்க கையில நன்னா இருப்பா"ன்னு சொல்லி என் காலைத் தொட்டுக் கும்பிட்டா. இத்தனை வருஷத்துல அன்னிக்குத்தான் அவளுக்குப் புத்தி வந்தது. இந்த அசடு அவ பின்னாடியே வாசல் வரைக்கும் பையோட போச்சு. அவ திரும்பிப் பார்க்கலை. ஆட்டோவுல ஏறிப் போயிட்டா. அதுக்கப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை கூட வரலை.

இது ஞாயித்துக்கிழமை காத்தால இப்பவும் தலையை வாரிண்டு ரேழியில உக்காந்துடும். இன்னிக்கும் உக்காந்திருந்தது, பார்த்திருப்பியே. 'அம்மா வரமாட்டாடி, அவ உனக்கு விஷம் குடுத்தவ'ன்னு சொல்லிட்டேன். தெரிஞ்சுக்கட்டும். புரிஞ்சுதோ இல்லையோ, தலையை ஆட்டினா.

அந்தப் பர்ஹானாதான் விடமாட்டேங்கறா. ரத்தம் எடுத்தேளா, அம்மாகிட்டச் சொன்னேளான்னு போன் மேல போன். வைத்தி போன்ல அவ நம்பர் வராதபடி பண்ணச் சொல்லிட்டேன். வாசலுக்கு வந்தா கதவைச் சாத்திடுவேன். நேத்து உன்னைப் பிடிச்சிருக்கா. கீழாத்துல சொம்பு இருக்கான்னு கேட்டாளா? கேட்டாளோன்னோ? நீ என்ன சொன்னே? தெரியாதுன்னுதானே? சமத்து. உனக்கு எப்படித் தெரியும், இன்னிக்குத்தானே உள்ளயே வரே.

போறது விடு. தட்டை நீட்டு. இதோ வரது பாரு ரசம். ஆவி பறக்கறது. வாசனை பிடி. சாதத்துல குழி பண்ணிக்கோ. இன்னும் ஒரு கரண்டி. ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும் நீ. இனிமே தினம் ஒரு டம்ளர் மாடிக்கு அனுப்பறேன், ஞானா கொண்டு வந்து தருவா. குழந்தை பொறந்து அன்னப்பிராசனம் ஆனதும் என்கிட்ட விட்டுடு, நான் ஊட்டறேன். நீ வேலைக்குப் போகணுமே.

ஏன் கையை எடுத்துண்டே? சுடறதா?

எதுக்கு இப்போ போனை எடுக்கறே? ஓ, படமா? சொம்பையா எடுக்கப் போறே? எடு, எடு, நன்னா எடு. இரு, வெளிச்சத்துல காட்டறேன். இப்படியா? பின்னாடி அந்தச் சுவர்க் கோடெல்லாம் விழுமே, பரவாயில்லையா? சரி. கனம் தெரியணும் படத்துல. என்னையும் சேத்து எடு. ஞானா, நீயும் வந்து நில்லு, அத்தை பக்கத்துல. வாயை மூடு.

யாருக்கு அனுப்பறே? உங்கம்மாவுக்குத்தானே? அனுப்பு. பார்த்தா உடனே தனக்கும் ஒண்ணு வேணும்பா. இப்போ இந்த மாதிரி கிடைக்கறதில்லைன்னு சொல்லு.

ஏண்டி எழுந்துண்டுட்டே? ஒரு வாய் கூட வைக்கலையே. முகமெல்லாம் வேர்த்திருக்கு. மசக்கையா? சரி சரி, போய்ப் படுத்துக்கோ. தட்டை அப்படியே வச்சுட்டுப் போ, வீணாகாது.

ஞானா, சௌம்யா அக்கா தட்டுல இருக்கறதையும் சேத்துச் சாப்பிட்டுடு. எங்க பார்க்கறே? வாசல்ல யாரும் இல்லை. சொம்புல அடியில இருக்கு பாரு, அதையும் சாச்சுக் குடி. தித்திப்பா இருக்கோல்லியோ? குடி, குடி. ஒரு சொட்டு மீதி வைக்காதே.